திருப்பிப் பார்க்காத முந்தானை

தையல் வகுப்புப் பெண்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். என் படம் ஒன்றும், நான் செய்ததிலேயே நல்ல வேலையின் படம் ஒன்றும் கேட்டார்கள். என் படத்தைக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டார்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

வகுப்புக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்ல, ஊசி நடக்கிறது. துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கிறது. பூ விழ விழப் பார்க்கலாம். நானும் நின்று பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. நாங்கள் செய்த பாபின் வேலையில் அப்படிப் பார்க்க முடியாது. அங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றது புரியும்.

நான் மாகறலில் பிறந்தவள். காஞ்சிபுரத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். ஒரு நாள் மார்வலி என்று வேலையை விட்டுப் பாதியில் வந்து படுத்தார். அதோடு சரி. கையில் ஒரு பெண் குழந்தை. ஊரில் அம்மா வீட்டில் தையல் மெஷின் இருந்தது, மிதிக்கத் தெரியும். அதைச் சொல்லித்தான் ரஹீம் பாய் கடையில் வேலை கேட்டேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. முதல் வருஷம் முழுக்கக் கிழிந்த துணியில் வட்டம் போட்டேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

கடை என்பது பேட்டையில் பாயுடைய வீட்டு முன்பக்கம். முன்னறையில் பாய் உட்காருவார். உள்ளறையில் இரண்டு மெஷின். ஒன்றில் நான். இன்னொன்றில் ஜைத்தூன். பாய்க்குத் தூரத்து உறவு, வாய் ஓயாதவள்.

வேலை இதுதான். ஜரிகை தடிமன். ஊசிக் காதில் நுழையாது. நுழைத்தாலும் உரசி உரிந்துபோகும். அதனால் ஜரிகையை மெஷினுக்கு அடியில் இருக்கிற பாபினில் சுற்ற வேண்டும். மேலே ஊசியில் துணி நிறத்திலேயே மெல்லிசான நூல். அடியில் சுற்றியதுதான் பூவாக விழும். ஆகவே துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைக்க வேண்டும். நம் கண்ணுக்குத் தெரிவது பின்பக்கம். நூலும் முடிச்சும்தான் தெரியும். பூ அடியில், இரும்புத் தகட்டைப் பார்த்துக்கொண்டு, நமக்குத் தெரியாமல் வளரும்.

பாபினைக் கையால்தான் சுற்றுவோம். மெஷினில் கொடுத்துச் சுற்றினால் ஜரிகை முறுக்கிக்கொள்ளும். பாபின் கூட்டில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். அதைத் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்பதற்கு பாய் ஒரு முறை வைத்திருந்தார். கூட்டை அதன் ஜரிகையிலேயே பிடித்துத் தொங்கவிடுவார். கிணற்று வாளி மாதிரி மெல்ல இறங்க வேண்டும். சடாரென்று இறங்கினால் தளர்வு, பூ தொளதொளவென்று விழும். இறங்காமல் நின்றால் இறுக்கம், பட்டு சுருங்கும். தினமும் காலையில் எங்கள் இருவர் கூட்டையும் வாங்கித் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

படத்தை எண்ணெய்த்தாளில் வரைந்து ஊசியால் துளை போட்டிருப்போம். அதையும் கவிழ்த்து வைத்துத்தான், படம் துணியில் இறங்க, துளை வழியே பொடி தட்ட வேண்டும். மெஷின் பாதத்தைக் கழற்றிவிட்டு, துணியை மரவளையத்தில் மாட்டி, வளையத்தை இரண்டு கையாலும் நகர்த்திக்கொண்டே மிதிக்க வேண்டும். தடி ஜரிகை என்பதால் பாபின் சீக்கிரம் தீர்ந்துபோகும். தீர்ந்தது மேலே தெரியாது. ஊசி சும்மா குத்திக்கொண்டு போகும். மெஷின் சத்தம் கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான் அடையாளம். எனக்கு அது பிடிபட நாளாயிற்று. முன்னறையில் இருந்தே பாய் சொல்வார்.

"பச்சையம்மா, தீர்ந்துபோச்சு பாரு."

பார்த்தால் தீர்ந்திருக்கும்.

பருத்தியில் தப்பாகக் குத்தினால் தண்ணீர் தெளித்துத் தேய்த்தால் துளை மூடிவிடும். பட்டில் மூடாது. ஊசி போன இடம் போனதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாய் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒல்லி. வெள்ளைக் கைலி, வெள்ளைச் சட்டை. வெற்றிலை கிடையாது, கறை பட்டுவிடும் என்று. கடையில் அவர் வைத்திருந்த ஒரே சட்டம், துணியைத் திருப்புவது அவர் வேலை. தைக்கிறவர்கள் திருப்பக் கூடாது. வேலை முழுதும் முடிந்த பிறகு வளையத்தைக் கழற்றிக் கூப்பிடுவோம். அவர் கை கழுவி, துண்டில் துடைத்து, பிஸ்மில்லா சொல்லிவிட்டு, இரண்டு முனையைப் பிடித்து ஒரே வீச்சில் திருப்புவார். அரைகுறையில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஜரிகை மடங்கும். மடங்கின ஜரிகையில் கோடு விழும். இது ஒரு காரணம். இன்னொன்றும் சொல்வார்.

"பாதியில பாத்தா ஆசை வரும், இல்லாட்டி பயம் வரும். ரெண்டும் கைக்கு ஆகாது. சபர் பண்ணு."

சபர் என்றால் பொறுமை.

வேலை தப்பாக இருந்தால் திட்ட மாட்டார். பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, நம் முக்காலி மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை ஜைத்தூன் ஒரு ரவிக்கைக் கையில் கிளி போட்டாள். தாளைக் கவிழ்க்காமல் பொடி தட்டிவிட்டாள். கிளி இரண்டும் முன்பக்கம் பார்க்க வேண்டியது, முதுகுப்பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. சாப்பிட்டு வந்தவள் முக்காலியில் மடிப்பைப் பார்த்தாள். "போச்சு, எங்கிளி ரெண்டும் கோச்சிக்கினு திரும்பிக்கிச்சு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு அதன்மேலேயே முகத்தை வைத்துக்கொண்டாள். பாய் முன்னறையில் பாபின் சுற்றிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். முனியம்மா, மகள் கஸ்தூரி. திருப்புட்குழியில் விவசாயக் குடும்பம். கஸ்தூரிக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அரக்குப் பட்டு எடுத்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு விரல் அகலம் ஜரிகை. முந்தானை மொட்டை. தறியிலேயே ஜரிகை முந்தானை நெய்து வாங்க அவர்களுக்கு வசதி இல்லை. அப்படிப்பட்டவர்கள்தான் எங்களிடம் வருவார்கள்.

பாய் தாள்களை விரித்துக் காட்டினார். மயில், அன்னம், மாங்காய். பெண் எல்லாவற்றையும் பார்த்தாள்.

"பயறு போட முடியுமா பாய்?"

"இன்னா பயறு?"

"முளைச்ச பயறு. வால் விட்டுக்கினு இருக்குமே."

முனியம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். "சீ, வாய மூடுடி."

உள்ளே இருந்து ஜைத்தூன் சிரிக்க ஆரம்பித்தாள். "ஏம்மா, மொதல்ல தாலி ஏறட்டும். இப்பவே பயறுக்கு இன்னா அவசரம்?"

திருப்புட்குழித் தாயார் சந்நிதியில் வறுத்த பயறு முளைக்கும் என்பார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் வறுத்த பயற்றை ஈரத்துணியில் முடிந்து மடியில் கட்டிக்கொண்டு படுப்பார்கள். விடிந்து பார்க்கும்போது முளைத்திருந்தால் பிள்ளை உண்டு. பேட்டைக்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் சிரிப்பு.

கஸ்தூரி வெட்கப்படவில்லை. "நான் ஒண்ணும் புள்ளைக்குக் கேக்கலக்கா. எங்கூர்ப் பயறு. மயிலு எல்லார்கிட்டயும் இருக்குது."

பாய் சிரிக்கவில்லை. பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் வரைந்தார். "இப்பிடியா?"

"வால் இன்னும் கொஞ்சம் சுருண்டுக்கினு இருக்கும் பாய்."

அழித்து வரைந்தார். "இப்போ?"

"ஆங். இதான்."

ஒரு பயறை வைத்துக் கொடி ஆக்கினார். முந்தானை நீளத்துக்கும் பயறு, ஒவ்வொன்றிலும் ஒரு முளை, ஒவ்வொரு முளையும் ஒவ்வொரு பக்கம் சுருண்டு. பாபின் வேலைக்கு அதைவிடப் பொருத்தமாக ஒரு படம் அமையாது. கையை எடுக்காமல் ஓடலாம். என்னிடம்தான் கொடுத்தார்.

பாதி வேலையில் ஒரு நாள் இருவரும் மறுபடி வந்தார்கள். வளையல் வாங்க டவுனுக்கு வந்தவர்கள். கஸ்தூரி நேரே உள்ளறைக்கு வந்து என் மெஷின் பக்கத்தில் நின்றாள். கவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது.

"இன்னாக்கா இது, வெறும் நூலா இருக்குது?"

"இது பின்பக்கம்மா. பூ அடியில இருக்குது."

"ஒரே ஒரு தடவை திருப்பிக் காட்டுக்கா."

நான் முன்னறையைப் பார்த்தேன். பாய் எழுந்து வந்து வாசல் நிலையில் நின்றார்.

"முடியட்டும்மா. முழுசா பாரு."

"ஒரு ஓரம் மட்டும் பாய்."

"அடுப்புல சோறு வேவும்போது மூடியைத் தொறந்துக்கினே இருந்தா வேவுமா?"

"எங்கூட்டுல தொறந்து தொறந்துதான் பாப்போம். வேவத்தான் செய்யுது."

ஜைத்தூனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முனியம்மா, "வாயி, வாயி. போற எடத்துல இன்னா ஆவப் போறியோ" என்றாள். பாயும் லேசாகச் சிரித்தார். ஆனால் தலையை ஆட்டிவிட்டார். இல்லை என்று.

கஸ்தூரி மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வளையத்துக்கு வெளியே, முடிந்துபோன பக்கத்துத் துணி பலகை மேல் கிடந்தது. அதன் அடியில் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை நகர்த்தினாள்.

"ஒரு பயறு. இதோ முளை. இது இந்தப் பக்கம் சுருண்டுக்கினு போவுது. இன்னொரு பயறு." கண்ணைத் திறந்தாள். "பாத்துட்டேன் பாய். உங்க சட்டம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

பாய் போய் உட்கார்ந்தார். அவர் தோள் குலுங்கிற்று. சிரித்தார் என்று நினைக்கிறேன்.

அதுதான் கஸ்தூரியை நான் கடைசியாகப் பார்த்தது.

முந்தானையில் மூன்றில் ஒரு பங்கு மீதி இருந்தது. கஸ்தூரியின் அண்ணன் ஏழுமலை சைக்கிளில் வந்தான். கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே சொன்னான். கஸ்தூரிக்கு விஷக்காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். தாங்கவில்லை. "அம்மா சேலையை நிறுத்தச் சொல்லிச்சு" என்றான். திரும்பிப் போய்விட்டான்.

நான் மிதிப்பதை நிறுத்தினேன். ஊசி துணிக்குள் இருந்தது. பாய் வந்து சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே எடுத்தார். வளையத்தைக் கழற்றினார். வளையத்தின் தடம் பட்டில் இருந்தது. துணியைத் திருப்பாமல் அப்படியே மடித்து, மெல்லிய மல் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்தார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டுத் திருப்புட்குழிக்குப் போய் வந்தார். அங்கே என்ன பேசினார் என்று சொல்லவில்லை.

அடுத்த வருஷம் ஏழுமலைக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். வீட்டில் அற்ப ஆயுசில் போன பெண் எவளோ அவள்தான் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. அவளுக்குக் கோடிச் சேலை வைத்து, பூ வைத்து, இன்னாருக்குக் கல்யாணம், நீ வந்து நடத்திக் கொடு என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் பந்தக்கால் நடுவார்கள். கோடி என்றால் புதுசு. நனைக்காதது, கட்டாதது. ஊசி படாதது.

முனியம்மா வந்தாள். கூட அவள் வீட்டுக்காரரின் அண்ணன். வீட்டுக்குப் பெரியவர், படையல் அவர் பொறுப்பு. முனியம்மா இளைத்துப் போயிருந்தாள். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். நேரே கேட்டாள்.

"எம் பொண்ணு சேலை இருக்குதா பாய்?"

"இருக்குதும்மா."

"அதைக் குடுங்க. அவளுக்கு அதான் வெக்கணும்."

பெரியவர் குறுக்கிட்டார். கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் சொன்னார். "முனிமா, வழியெல்லாம் சொல்லிக்கினே வந்தேன். ஊசி பட்டது கோடி ஆவாது. புதுசு எடுத்து வெச்சிருக்குது வூட்ல."

"அது அவ கேட்ட சேலை இல்ல மாமா."

"படையல்ல கொறை வெச்சா கல்யாணம் பண்ணிக்கிற புள்ளைக்கு ஆவுமா? அவனும் உம் புள்ளதான?"

முனியம்மா அவரைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தாள். "போட்டதைப் பிரிச்சுடுங்க பாய். மொட்டையாவே இருக்கட்டும். கடையில எடுத்தப்ப இருந்த மாதிரி ஆக்கிக் குடுங்க. அப்ப கோடிதான?"

பெரியவர் யோசித்தார். "துளை தெரியாம இருந்தா செரி" என்றார்.

முனியம்மாவுக்கு அன்றைக்கு வேண்டியது அது ஒன்றுதான். மகள் கேட்ட சேலை மகளுக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கும் பாய்க்கும் பட்டு தெரியும். நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

பாய் பெட்டியைத் திறந்து சேலையை எடுத்து, பின்பக்கம் மேலே இருக்கும்படி என் மெஷின் பலகையில் விரித்தார். "ஒரு பயறு மட்டும் பிரிச்சுப் பாரு" என்றார். அவர் விரல் வைத்த இடம் முதலில் போட்ட ஓரம். கஸ்தூரி கை விட்ட இடம் அது.

"அங்க வேணாம் பாய்" என்றேன். கடைசியாகப் போட்ட பயறைக் காட்டினேன்.

பாய் என்னைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

பின்பக்கத்தில் மெல்லிய நூலை ஒவ்வொரு தையலாக அறுத்தேன். ஜரிகையைக் கீழே இழுத்தேன். வந்துவிட்டது. பாய் ஒரு துணியைப் பிழிந்து ஈரம் காட்டினார். நகத்தின் முதுகால் நூல் போக்கிலேயே நீவினார். குறுக்கே நீவினார். மல் துணியை மேலே போட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சூடு குறைத்து வைத்து எடுத்தார். மறுபடி ஈரம். மறுபடி நகம். நெய்கிறவர்கள் பாவுக்குப் போடுகிற கஞ்சியைக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார். காயவிட்டார். முனியம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகை மேல் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் தெளிந்தது.

"போயிருச்சு இல்ல?" என்றாள்.

பாய் அந்த இடத்தை மட்டும் தூக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அவர் பிடிக்காமல் இருந்திருக்கலாம். பெரியவர் அத்தனை கூர்ந்து பார்த்திருக்க மாட்டார். ஆனால் பாய் பிடித்தார். பயறு அப்படியே இருந்தது. வளைவும் வாலும். ஜரிகை இல்லை, வெளிச்சம் இருந்தது.

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இன்னாம்மா பண்ணட்டும்" என்றார்.

முனியம்மா நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "புதுசையே வெச்சிக்குங்க மாமா" என்றாள். என் பக்கம் திரும்பினாள். "இதை முடிச்சுக் குடு தாயி. அவ கேட்டது அரையில நிக்க வேணாம்."

"முடிச்சு இன்னாம்மா பண்ணப் போற?" என்றார் பெரியவர்.

"எங்கிட்ட இருக்கட்டும்."

முடித்தேன். பிரித்த பயறை முதலில் போட்டேன். "அதே துளையில போடு" என்றார் பாய். மிதித்தால் தவறும். சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியை ஒவ்வொரு துளைக்கு மேலேயும் கொண்டுவந்து நிறுத்தி, கண்ணால் பார்த்து இறக்கினேன். ஒரு பயறுக்கு ஒரு காலை போயிற்று. மீதி முந்தானைக்கு அவசரப்படவில்லை. பாபின் தீர்ந்ததை ஒரு தடவைகூட பாய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜைத்தூன் அந்த நாட்களில் வாயைத் திறக்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும். அப்படி ஒரு ஓட்டம் என் கைக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கைக்குத் தெரியும் அது. பார்க்க வேண்டியதில்லை.

சொல்லி அனுப்பினோம். முனியம்மா தனியாக வந்தாள். கல்யாணம் முடிந்திருந்தது. மருமகள் நல்லவள் என்றாள். வளையத்தைக் கழற்றினேன். ஜரிகை முனைகளைத் தடித்த ஊசியில் கோத்துப் பின்பக்கம் இழுத்து முடிச்சிட்டேன். பாயைக் கூப்பிட்டேன்.

பாய் கை கழுவினார். துண்டில் துடைத்தார். பலகை பக்கம் வந்து நின்றார். பிஸ்மில்லா சொன்னார். முனையைப் பிடிக்கவில்லை.

"நீங்களே திருப்புங்கம்மா" என்றார்.

அந்தக் கடையில் அப்படி அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜைத்தூன் எழுந்து நின்றுவிட்டாள்.

முனியம்மா கவிழ்ந்து கிடந்த முந்தானையைப் பார்த்தாள். முடிச்சுகள் மேல் உள்ளங்கையால் தடவினாள்.

"அன்னிக்கு அவ எந்த எடத்துல கை வெச்சா?" என்று என்னைக் கேட்டாள்.

காட்டினேன். அவள் குந்தி உட்கார்ந்து, அடியில் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். விரல் நகர்வது மேலே துணியில் தெரிந்தது. மெல்லப் போயிற்று. ஒரு இடத்தில் நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போயிற்று. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கையை எடுத்தாள். எழுந்தாள். திருப்பவில்லை. பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரியே சேலையை மடித்தாள்.

"பாக்கலியாக்கா?" என்றேன்.

"அவ பாத்த மாதிரி நானும் பாத்துட்டேன். போதும்."

கோபமாகச் சொல்லவில்லை. பாயைக் கும்பிட்டாள். என் தலையைத் தொட்டாள். போனாள்.

பாய் கழுவின கையோடு நின்றுகொண்டிருந்தார். ஜைத்தூன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடிக்கவில்லை. மாலையில் விளக்கேற்றுகிற நேரத்தில் முன்னறையில் இருந்து சொன்னார். யாரிடம் என்று இல்லை.

"அன்னிக்குத் திருப்பியிருந்தா ஜரிகை கொஞ்சம் மடிஞ்சிருக்கும். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு கடையில் அந்தச் சட்டம் இல்லை. அவர் எடுத்துவிட்டதாகச் சொல்லவில்லை. யாராவது வந்து பார்க்கணும் என்றால், முடிந்ததோ முடியாததோ, எழுந்து வந்து கை கழுவித் திருப்பிக் காட்டுவார். ஜரிகையில் கோடு விழும். நான் அப்புறம் நீவி எடுப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கேட்டாலும் காட்டினார். ஒரு தடவை ஒரு சின்னப் பெண் கேட்காமலே நின்றாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எழுபதுகள் முடிவதற்குள் பாய் போய்விட்டார். ஜைத்தூன் ஆம்பூருக்குப் போனாள். நான் வேறு கடைகளில் மிதித்தேன், பிறகு வீட்டில் மிதித்தேன். கோயில் குடைக்குத் தொங்கல், திரைச்சீலை, எத்தனையோ கல்யாணம். எல்லாவற்றையும் நானே திருப்பினேன். நல்ல வேலைகள்தான். படம் வேண்டுமென்றால் அதில் ஒன்றைக் கொடுத்திருக்கலாம். பொய்யாக இருக்கும்.

பாய் போன பிறகு ஒரு நாள் ஏழுமலையைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். மொட்டை போட்டிருந்தான். கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா என்றான். மாரடைப்பா என்றேன். இல்லைக்கா, தூக்கத்துல என்றான்.

"பெட்டியில அந்தச் சேலை இருந்துச்சு. கட்டவே இல்ல. எடுத்து அம்மா மேல போத்திட்டோம்."

நான் கேட்டேன், "எந்தப் பக்கம் மேல இருந்துச்சு ஏழுமல?"

அவனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு யோசித்துச் சொன்னான். "முடிச்சு இருந்த பக்கம்தான்க்கா. அம்மா எப்பிடி மடிச்சு வெச்சிருந்துச்சோ அப்பிடியே போத்திட்டோம். நாங்களும் திருப்பிப் பாக்கலை."

அவன் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டான்.

அப்படியென்றால் பயறெல்லாம் அடியில், அவள் மடியைத் தொட்டுக்கொண்டு இருந்திருக்கும்.